காத்தலும் தானமே

இல்லறத்தார் மேற்கொள்ளும் ஐந்து அணுவிரதங்களுள் இறுதியாக வைத்து எண்ணப்படுவது பரிக்கிரக பரிமாணம். பொருள் வரைதல் என்று இதனைத் தமிழில் கூறுவர். நிலம், மனை, பொன், தானியம், கலங்கள் என விரியும் புறப்பொருள்களுக்கு ஓர் எல்லை வகுத்துக்கொண்டு, அவ்வெல்லைக்கு மேல் வருவதை விரும்பாதிருத்தலே இவ்விரதத்தின் சாரம். எல்லைக்கு மிஞ்சியதை ஆகாரம், அபயம், ஔஷதம், சாஸ்திரம் என்னும் நால்வகைத் தானங்களில் செலவிடுதல் சாவகரின் கடமை. இவற்றை நம் இல்லங்களில் சிறுவரும் அறிவர்.

ஆயினும் வரைதலுக்கும் வழங்குதலுக்கும் இடையே ஒரு கேள்வி எஞ்சி நிற்கின்றது. ஒருவர் தம் வாழ்நாள் முழுவதும் ஒன்றைச் சேர்த்துக்கொண்டே இருக்கின்றார். வீடு நிறைகின்றது. மேலும் தேடுகின்றார். சேர்த்ததைப் பிரிய அவருக்கு மனம் வருவதில்லை. அவரைப் பரிக்கிரகி என்பதா, தானி என்பதா? சேர்த்தது பொன்னாயின் விடை எளிது. சேர்த்தது பழைய நூல்களாயின் என்ன சொல்வது? விட்டுவிடுதலே அறம் என்றால், முன்னோர் நூல்களைக் காத்து வைத்தவரெல்லாம் அறத்தில் குறைந்தவர் ஆவரோ? காத்தலே அறம் என்றால், பற்றறுத்தல் என்பது எங்ஙனம் நிகழும்?

இக்கேள்வியைச் சொல்லளவில் ஆராய்வதினும், நடந்த வரலாற்றைக் கொண்டு ஆராய்தல் நன்று. அவ்வாராய்ச்சிக்கு ஏற்றதொரு நிலம் செட்டிநாடு.

கல்லில் நின்றதும் கைவிட்டுப் போனதும்

செட்டிநாடு என்றவுடன் வான்தோய் மாளிகைகளும், பர்மாத் தேக்கில் கடைந்த தூண்களும் கதவுகளும் நம் நினைவிற்கு வருகின்றன. ஆனால் அந்நிலத்தின் பழைமை அம்மாளிகைகளோடு தொடங்குவதன்று. சிவகங்கைக்கு அருகேயுள்ள திருமலையில் இயற்கைக் குகைத்தளம் ஒன்று உள்ளது. அங்குள்ள தமிழி எழுத்துகள், எருக்காட்டூரைச் சேர்ந்த காவிதி ஒருவரின் கொடையைக் கூறுகின்றன. காரைக்குடிக்கு அண்மையில் உள்ள குன்றக்குடியிலும் குகைத்தளமும் தமிழிக் கல்வெட்டும் உண்டு. இத்தகைய குகைகள் சமணத் துறவியரின் உறைவிடங்களாக இருந்தவை என்பது ஆராய்ச்சியாளர் பலரின் முடிபு. பிற்காலத்திற்கு வந்தால், தேவகோட்டைப் பகுதியைச் சார்ந்த அனுமந்தக்குடியில் மழவநாதர் கோயில் என வழங்கும் ஜினாலயத்தைக் காண்கின்றோம். இன்று நம் மக்களுள் பெரும்பாலோர் வந்தவாசி, ஆரணி, திண்டிவனம், காஞ்சிபுரம் பகுதிகளில் வாழ்கின்றனர். எனினும் தென்பாண்டிச் சீமையும் ஒருகாலத்தில் ஜின தர்மம் தழைத்த இடமே என்பதற்கு இவை சான்று.

எருக்காட்டூர்க் காவிதியிடம் எவ்வளவு நிலம் இருந்தது, எத்தனை பொன் இருந்தது என்று இன்று யாரும் அறியார். அவர் துறவியர்க்கு அளித்த கல்லிருப்பிடம் ஒன்றே ஏறத்தாழ 2000 ஆண்டுகளைக் கடந்து அவரை நமக்கு அறிவிக்கின்றது. உடைமையாக வைத்துக்கொண்டவை மறைந்தன. பிறர்க்கென ஆக்கியது நின்றது.

இதே உண்மையை 20ஆம் நூற்றாண்டில் அதே நிலம் மீண்டும் ஒருமுறை கண்டது. நாட்டுக்கோட்டை நகரத்தார் கடல் கடந்து சென்று பர்மாவில் பெரும் வட்டித்தொழில் நடத்தினர். 1930ஆம் ஆண்டை ஒட்டி உலகெங்கும் ஏற்பட்ட பொருளாதார மந்தத்தில் நெல்லின் விலை வீழ்ந்தது. கடன் பெற்ற உழவரால் திருப்பித் தர இயலவில்லை. ஈடாக வைத்த நிலங்கள் கடன் கொடுத்தோர் கைக்கு வந்தன. 1937ஆம் ஆண்டளவில் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலம் நகரத்தார் பெயரில் இருந்தது. விரும்பிப் பெற்ற நிலமன்று அது. வட்டிக்குக் கொடுத்த பணம் நிலமாக மாறி வந்து சேர்ந்தது. 1942இல் சப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியபோது பலர் அனைத்தையும் விட்டுக் கால்நடையாகவும் கப்பலிலும் தாயகம் திரும்பினர். 1948இல் பர்மா விடுதலை பெற்றபின் நில உடைமை நாட்டுடைமையாக்கும் சட்டம் வந்தது. தலைமுறைகளாகச் சேர்ந்த பொருளில் பெரும்பகுதி சில ஆண்டுகளில் இல்லாமற் போயிற்று.

இதனை நாம் நகரத்தாரைக் குறைகூறும் நோக்கத்தோடு எடுத்துரைக்கவில்லை. அவர்கள் ஈட்டியதில் கோயில்களும், பாடசாலைகளும், அன்னசத்திரங்களும், தமிழ்ச் சங்கங்களும் எழுந்தன. பொருளின் நிலையாமையைத் தம் கண்முன் கண்ட ஒரு சமூகத்தில், அதே காலத்தில், காத்தல் என்பதற்கு வேறொரு பொருள் தந்த ஒருவர் வாழ்ந்தார் என்பதைக் காட்டவே இதனைக் கூறினோம்.

ஓர் ஊரில் இருவர்

காரைக்குடியை அடுத்துள்ளது கோட்டையூர். அவ்வூரில் மூன்று ஆண்டு இடைவெளியில் இருவர் பிறந்தனர்.

அவர்களுள் ஒருவரைத் தமிழகம் நன்கறியும். 1909இல் பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியார், தொழிலில் ஈட்டிய பெருஞ்செல்வத்தைக் கல்விக்கென வாரி வழங்கியவர். 1947இல் காரைக்குடியில் கல்லூரியைத் தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் தம் பகுதியில் அமையவேண்டும் என்பதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் அளித்தார். 1948இல் பண்டித நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953இல் அவ்வாய்வகம் திறக்கப்பெற்றது. 1957இல் அவர் மறைந்தபோது, கொடுத்தே நிறைந்த வாழ்வு என்று நாடு அவரைப் போற்றியது.

மற்றவர் 1906இல் பிறந்த முத்தையா. ரோஜா முத்தையா என்பது அவர் வழங்கு பெயர். பெருஞ்செல்வர் அல்லர், விளம்பரப் பலகைகள் எழுதும் ஓவியர். இளமையில் சென்னையில் இருந்தபோது மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் நூல்களைத் தேடி வாங்கத் தொடங்கினார். பின்னர் கோட்டையூர் திரும்பியும் அத்தேட்டம் ஓயவில்லை. கற்றோர் போற்றும் இலக்கண இலக்கிய நூல்களை மட்டும் அவர் தேடவில்லை. நாடக விளம்பரத் தாள்கள், பாட்டுப் புத்தகங்கள், சித்த மருத்துவச் சிறுநூல்கள், நின்றுபோன இதழ்கள், அழைப்பிதழ்கள், துண்டறிக்கைகள் என, ஒருமுறை படித்தபின் யாவரும் எறிந்துவிடும் தாள்களையும் அவர் பொறுக்கி எடுத்து வைத்தார். அவர் வீடே நூலகமாயிற்று. கறையானோடும் ஈரத்தோடும் அவர் வாழ்நாள் முழுவதும் போராட வேண்டியிருந்தது. 1992இல் அவர் மறைந்தபோது அங்கு ஏறத்தாழ 50,000 நூல்களும், இதழ்களும் பிறவும் சேர்ந்து ஏறத்தாழ 1,00,000 உருப்படிகளும் இருந்தன.

அவை சிதறிப் போகாமல் நின்றதே ஒரு வியப்பு. 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பு முழுவதையும் விலைக்குப் பெற்றது. ஆயினும் கடல் கடந்து கொண்டுபோகாமல் தமிழ்நாட்டிலேயே வைத்துப் பேணுவது என்று முடிவாயிற்று. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் என்னும் பெயரில் அது நிலைபெற்று, 1996இல் ஆய்வாளர்க்குத் திறக்கப்பட்டது. தமிழ் அச்சு வரலாற்றையோ, இசை நாடக வரலாற்றையோ எழுதப் புகுவோர் இன்று அந்நூலகத்தின் வாயிலை மிதிக்காமல் எழுதுதல் அரிது.

அழகப்பரை வள்ளல் என்கின்றோம். முத்தையாவை எவ்வாறு அழைப்பது? முன்னவர் கொடுத்துக்கொண்டே இருந்தார். பின்னவர் சேர்த்துக்கொண்டே இருந்தார். மேலெழுந்தவாறு நோக்கின் இருவரும் நேர் எதிரான வழியில் நடந்தவர்கள். நம் ஆசாரியர்கள் காட்டிய அளவுகோலைக் கொண்டு நோக்கினால் அவ்வாறு தோன்றவில்லை.

உடைமையும் மூர்ச்சையும்

பரிக்கிரகம் என்பதற்கு உமாஸ்வாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் இலக்கணம் வகுத்தபோது பொருளைச் சுட்டவில்லை, மூர்ச்சையைச் சுட்டினார். மூர்ச்சை என்பது எனது, எனக்கே என்று ஒன்றில் மயங்கி அழுந்தும் மனநிலை. ஆகவே கையில் ஒன்றும் இல்லாத வறியவனும் ஆசையால் பரிக்கிரகி ஆகலாம். பொருளிடையே வாழ்பவரும் மயக்கம் இன்றி இருப்பாராயின் அப்பொருளளவில் விடுபட்டவர் ஆகலாம். ஆனால் இவ்விளக்கத்தைச் செல்வர் தமக்கு வசதியான சாக்காகக் கொள்ளுதல் கூடாது. மனத்தில் பற்றில்லை என்று வாயால் சொல்லுதல் எவர்க்கும் எளிது. அதனாலன்றோ இல்லறத்தார்க்குப் புறப்பொருளிலும் எல்லை வகுக்கப்பட்டது!

இனி, எல்லாவற்றையும் துறந்த திகம்பர முனிவரை நோக்குவோம். உடுத்தும் ஆடையையும் விட்ட அப்பெருமக்கள் மூன்றனை மட்டும் கொள்ளலாம் என ஆகமம் இசைகின்றது. சிற்றுயிர்க்கு ஊறு நேராமல் காக்கப் பிஞ்சிகை, உடல் தூய்மைக்குக் கமண்டலம், ஞானத்திற்குச் சாஸ்திரம். ஒரு முழத் துணியும் பரிக்கிரகம் எனத் தள்ளப்பட்ட இடத்தில் நூல் தள்ளப்படவில்லை. அதனை உபகரணம் என்றனரேயன்றி உடைமை என்றாரில்லை. உபகரணமாவது தனக்கு அப்பாற்பட்ட ஒரு பயனுக்காகக் கையில் இருப்பது. அப்பயனை மறந்து அதனையே தழுவிக்கொண்டால், முனிவர் கையில் உள்ள நூலும் பரிக்கிரகம் ஆகிவிடும்.

இங்கே நமக்கு ஓர் உரைகல் கிடைக்கின்றது. ஒரு பொருளை ஒருவர் பற்றினால் வைத்திருக்கின்றாரா, பொறுப்பினால் வைத்திருக்கின்றாரா என்று அறிய அவர் மனத்துள் புகுந்து பார்க்க நம்மால் இயலாது. ஆனால் அப்பொருளை நாடி இன்னொருவர் வரும்போது கதவு திறக்கின்றதா என்று பார்க்க இயலும். கோட்டையூர் வீட்டின் கதவு திறந்தது. உள்நாட்டாரும் வெளிநாட்டாருமாக ஆய்வாளர் பலர் அவ்வீட்டை நாடிச் சென்று வேண்டிய நூல்களைக் கண்டனர். சேர்த்தவரின் கை மூடியிருக்கவில்லை.

விலைக்கு விற்கப்பட்ட தொகுப்பைத் தானம் என்று எங்ஙனம் கூறலாம் என வினவுவோர் இருக்கலாம். நேர்மையான வினாவே. விற்பனையை நாம் தானம் என்று கூறவில்லை. பல பத்தாண்டுகள் உழைத்து, அழியவிருந்தவற்றைப் பிறர் படிக்கும்படி உயிரோடு வைத்தாரே, அவ்வுழைப்பே தானம். விற்பனை அதன்பின் நேர்ந்தது. முத்தையா நம் சமயத்தவரும் அல்லர். அவரை நம்மவராக்கிக்கொள்ள நாம் முயலவில்லை. ஞானத்தைப் பேணுதலாகிய நற்செயல் எங்கு நிகழினும் அதனை மகிழ்ந்து ஏற்றல் அனுமோதனை. அது நமக்கு நன்மை பயப்பது.

கைவிடுதல் துறவாகுமோ?

மூர்ச்சை ஒரு குற்றம் எனின், அதற்கு எதிர்ப்புறத்தில் மற்றொரு குற்றம் நிற்கின்றது. அதற்குப் பிரமாதம் என்று பெயர். அசட்டை, மறதி, விழிப்பின்மை எல்லாம் அதனுள் அடங்கும். ஹிம்சைக்கு இலக்கணம் கூறும்போதும் பிரமாதத்தையே அதன் வேராகக் காட்டினர் நம் ஆசாரியர். கொல்லும் எண்ணம் இல்லாதவனும் விழிப்பின்றி நடந்தால் ஹிம்சைக்கு உரியவன் ஆகின்றான். நூல்களின் அழிவிலும் இதுவே உண்மை. பகைவர் எரித்த நூல்களைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகின்றோம். நம்மவர் மறந்ததால் அழிந்த நூல்களைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

வளையாபதியின் கதையை எண்ணிப் பார்ப்போம். ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய அச்சமண நூல் இன்று முழுமையாக நம்மிடம் இல்லை. எஞ்சியவை ஏறத்தாழ 70 செய்யுட்களே. டாக்டர் உ.வே. சாமிநாதையர் தம் இளமையில் திருவாவடுதுறை மடத்து ஏடுகளிடையே அந்நூலைக் கண்டதையும், பதிப்பிக்கும் நோக்கோடு பிற்காலத்தில் தேடியபோது அது கிட்டாமற் போனதையும் வருத்தத்தோடு எழுதியுள்ளார். எவரும் அதனைப் பகைமையால் அழித்ததாகத் தெரியவில்லை. இருந்தது, பிறகு இல்லை. அவ்வளவே. பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டதையும், நெய்யில் தோய்த்துத் தீயில் இட்டதையும் அவர் ஏடு தேடிய ஊர்களில் கேட்டறிந்து பதிவு செய்துள்ளார். செய்தவர்கள் அதனைப் பாவமாகக் கருதவில்லை. முறையான வழியனுப்புதல் என்றே கருதினர்.

எஞ்சிய அச்செய்யுட்கள் எவ்வாறு பிழைத்தன? புறத்திரட்டைத் தொகுத்தவர் தம் தொகுப்பில் அவற்றுட் பெரும்பாலானவற்றை எடுத்து எழுதி வைத்தார். உரையாசிரியர்கள் சிலவற்றை மேற்கோளாகக் காட்டினர். ஒரே கட்டில் கட்டி ஒரே இடத்தில் வைக்கப்பட்ட முழுநூல் மறைந்தது. பிறர் கைக்குச் சென்ற பகுதி மட்டும் வாழ்கின்றது. நூலுக்குப் பாதுகாப்பு பூட்டில் இல்லை, பகிர்வில் இருக்கின்றது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

ஆகவே, இவையெல்லாம் எதற்கு, பற்றை விடு என்று கூறிப் பழைய சுவடிகளைக் கைவிடுதல் துறவு ஆகாது. துறவாவது தன்னுடையதை விடுதல். முன்னோர் எழுதி வருங்காலத்தவர்க்கு என வைத்த நூல் நம்முடையது அன்று. நம்முடையதல்லாத ஒன்றைத் துறக்க நமக்கு உரிமை ஏது?

மூடபித்ரி தரும் பாடம்

பூட்டி வைத்தலின் விளைவைக் காட்டும் மற்றொரு வரலாறு, நம் திருநூல்களைப் பற்றியதே ஆயினும், நம் குடும்பங்களில் பலர் அறியாதது.

திகம்பர ஆகமங்களுள் மிகப் பழைமையானது ஷட்கண்டாகமம். அதற்கு வீரசேனாசாரியர் இயற்றிய தவளா என்னும் பேருரை 9ஆம் நூற்றாண்டினது. இவற்றின் பழைய ஓலைச்சுவடிகள் தென்கன்னடத்து மூடபித்ரியில் மட்டுமே எஞ்சின. பல நூற்றாண்டுகளாக அவற்றைப் பொறுப்பாளர்கள் உயிரினும் மேலாகக் காத்தனர். அவர்கள் காவாதிருந்தால் இன்று அந்நூல் இல்லை. ஆனால் காவல் மெல்ல மெல்லப் பூட்டாக மாறியது. யாத்திரிகர்கள் சுவடிகளை வணங்கலாம், படிக்க இயலாது. பழைய கன்னட எழுத்தில் அமைந்த அவற்றைப் படிக்க வல்லாரும் அருகினர். நூல் விக்கிரகம் ஆயிற்று.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோலாப்பூர், மும்பை நகரங்களைச் சேர்ந்த சாவகப் பெருமக்கள் முயன்று, அச்சுவடிகளைப் பெயர்த்தெழுத இசைவு பெற்றனர். பணி பல ஆண்டுகள் நடந்தது. எனினும் எழுதிய படிகள் மூடபித்ரியை விட்டு வெளியே செல்ல இசைவில்லை. அப்பணியில் ஈடுபட்ட கஜபதி உபாத்தியாயர் என்னும் பண்டிதர், தம் மனைவியார் லட்சுமிபாயின் துணையோடு மறைவாக மற்றொரு படியையும் எழுதி வைத்தார். அது பின்னர் வடநாட்டில் சஹாரன்பூரைச் சென்றடைந்தது. அதிலிருந்து நாகரி எழுத்தில் படிகள் பெருகின. அவற்றை அடிப்படையாகக் கொண்டே ஹீராலால் ஜைன் அவர்கள் பதிப்பித்த தவளாவின் முதல் தொகுதி 1939இல் அச்சேறியது. பின்னர் மூடபித்ரியாரும் மனமுவந்து, மூலச் சுவடிகளோடு பாடங்களை ஒப்புநோக்க இடமளித்தனர்.

பண்டிதர் செய்தது சரியா? நம் அறநூற்படி எளிதில் சரி என்று கூறுவதற்கில்லை. நம்பி ஒப்படைத்தவர் அறியாமல் ஒன்றைக் கொண்டுசெல்லுதல் அசௌரிய விரதத்திற்கு மாறானது. பயன் நன்றாயினும் வழி குறையுடையது. ஆனால் நாம் அத்துடன் நின்றுவிடலாகாது. ஞானத்தை நாடி வருவோர்க்கு நேர்வழி அடைக்கப்படும்போது, நல்லவரும் குறுக்குவழியை நாடும் நிலை ஏற்படுகின்றது. அக்குற்றத்தில், கதவை அடைத்தவர்க்கும் பங்குண்டு. காவலர் தம் கடமையை மிகச் செய்தல் என்பது, பிறரைப் பிழைக்குத் தூண்டும் அளவிற்குப் போய்விடலாம் என்பதே மூடபித்ரி தரும் பாடம்.

மிகையும் குறையும்

அந்த ஷட்கண்டாகமம் எழுத்துரு பெற்ற வரலாற்றிலேயே இதற்கு ஒரு குறிப்பு உள்ளது. கிர்நார் மலையின் சந்திர குகையில் வாழ்ந்த தரசேனாசாரியர், தம்மோடு சுருத ஞானம் மறைந்துவிடுமோ எனக் கவன்று, தென்னாட்டு முனிவர் சங்கத்திற்குச் செய்தி அனுப்பினார். இரு இளந்துறவியர் வந்தனர். அவர்களைத் தேர்ந்தறிய ஆளுக்கொரு மந்திரத்தை அளித்தார். ஒன்றில் ஓர் எழுத்து மிகுதி. மற்றொன்றில் ஓர் எழுத்துக் குறைவு. இருவரும் ஓதியபோது தோன்றிய தேவதைகளுள் ஒன்றுக்குப் பல் நீண்டிருந்தது. மற்றொன்றுக்கு ஒரு கண் இல்லை. தேவதைகளின் இயல்பு இதுவன்றே எனச் சிந்தித்து, மிகையை நீக்கியும் குறையை நிரப்பியும் மீண்டும் ஓதினர். தேவதைகள் தம் உண்மை வடிவில் தோன்றினர். அதன்பின்னரே ஆசாரியர் அவர்களுக்கு ஆகமத்தைப் போதித்தார். அவ்விருவரே புஷ்பதந்தரும் பூதபலியும். அவர்களுள் பூதபலி ஆசாரியர் திராவிட நாட்டிற்கு வந்தவர் என மரபு கூறுவது நமக்குப் பெருமை தருவது.

எழுத்தில் மிகையும் பிழை, குறையும் பிழை. காத்தலிலும் அவ்வாறே. மிகையாகப் பற்றிப் பூட்டி வைத்தல் மூர்ச்சை. குறையாகப் பேணிக் கைவிடுதல் பிரமாதம். இரண்டும் நீங்கிய இடத்தில்தான் ஞானம் தன் உண்மை வடிவில் நிற்கின்றது. தரசேனரின் கவலையை எண்ணிப் பாருங்கள். எல்லாவற்றையும் துறந்த அம்மாமுனிவர் ஒன்றைக் குறித்து மட்டும் கவலையுற்றார்: தாம் பெற்றது தம்மோடு முடிந்துவிடக் கூடாது என்பதே அது. அக்கவலையைப் பற்று என்று எவரும் கூறார். அது கருணை.

ஏட்டைக் காக்க உயிரைக் கொல்லலாமோ?

இங்கே நம் சமயத்தார்க்கே உரிய ஓர் ஐயமும் எழும். சுவடியை அரிப்பது பூச்சி. காகிதத்தைத் தின்பது கறையான். நூலைக் காக்கப் புகுந்தால் சிற்றுயிர்க்கு ஊறு நேருமே, அது தகுமா?

சாவகர் அறவே விடவேண்டுவது சங்கல்பி ஹிம்சை, அதாவது கொல்லவேண்டும் என்று கருதிச் செய்வது. இல்லற வினைகளில் தவிர்க்க இயலாது நேரும் ஆரம்பி ஹிம்சையை விழிப்போடு குறைத்துக்கொள்ளுதல் கடன். இவ்விழிப்பே யத்னாசாரம். பூச்சி பெருகியபின் நஞ்சிட்டுக் கொல்லுதல் ஒரு வழி. பூச்சி வாராதிருக்கச் செய்தல் மற்றொரு வழி. நம் முன்னோர் பின்னதையே தேர்ந்தனர். வேப்பிலை, நொச்சியிலை, வசம்பு ஆகியவற்றை ஏட்டுக் கட்டுகளோடு வைத்தனர். சுவரை ஒட்டாமலும் தரையைத் தொடாமலும் பலகைகளில் அடுக்கினர். தூய துணியில் சுற்றிக் கட்டினர். ஆண்டிற்கு ஒருமுறையேனும் அவிழ்த்துக் காற்றாட விட்டனர்.

ஸ்ருத பஞ்சமியின் பயனும் இதுவே. ஆகமம் எழுதி நிறைவுற்ற ஜ்யேஷ்ட சுக்கில பஞ்சமியன்று நூல்களை எடுத்துத் துடைத்து, புதுத்துணி சுற்றி, பூசித்து, ஓதுகின்றோம். பூசையும் பேணுதலும் ஒரே செயலாக அமைந்த அழகிய ஏற்பாடு இது. ஆண்டுதோறும் திறந்து பார்க்கும் கட்டில் பூச்சி குடிபுகாது. பல ஆண்டுகள் திறவாத கட்டில்தான் அது பெருகும். பின்னர் நூலையும் இழப்போம், உயிர்களையும் கொல்வோம். அஹிம்சையும் நூற்காவலும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இரண்டிற்கும் வேண்டுவது விழிப்பு ஒன்றே.

நம் இல்லங்களில்

நம் ஊர்களில் பழைய வீடுகள் இடித்துக் கட்டப்படுகின்றன. பிள்ளைகள் சென்னை, பெங்களூர், அதற்கப்பாலும் சென்று வாழ்கின்றனர். பரணில் இருந்த பெட்டியைப் பிரித்துப் பார்க்க எவர்க்கும் ஓய்வில்லை. பாட்டனார் எழுதிய தோத்திரக் குறிப்பேடு, கிரந்த எழுத்தில் அமைந்த பூசைச் சுவடி, மணிப்பிரவாள நடையிலான ஸ்ரீபுராணப் படி, பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் பதிப்பித்த நீலகேசி போன்ற அருநூல்களின் முதற்பதிப்பு, ஊர் ஜினாலயத்தின் பழைய கணக்கு, நின்றுபோன சமுதாய இதழ்களின் பிரதிகள் ஆகியவை அப்பெட்டிகளில் இருக்கக்கூடும். செட்டிநாட்டில் மாளிகைகள் பாகம் பிரிக்கப்பட்டபோது கதவும் தூணும் தனித்தனியே பிரிந்து பழம்பொருள் கடைகளுக்குச் சென்றன. கதவிற்கு விலை உண்டாதலால் அது வேறொரு வீட்டிலேனும் வாழும். காகிதம் எடைக்குப் போனால் அன்றோடு முடிந்தது.

ஆதலின் ஒவ்வொரு குடும்பமும் செய்யத்தக்க சிலவற்றை ஈண்டுக் கூற விரும்புகின்றோம். முதலாவது, இருப்பதை அறிதல். வருகின்ற ஸ்ருத பஞ்சமியில் பெட்டியைத் திறந்து, உள்ளவற்றின் பெயர்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். படிக்கத் தெரியாத எழுத்தாயினும், இத்தனை கட்டு, இன்ன அளவு என்றேனும் குறியுங்கள். தெரியவில்லை என்பதற்காக எதனையும் ஒதுக்காதீர்கள். கோட்டையூரில் சேர்ந்த நாடக விளம்பரத் தாளை அது அச்சான நாளில் எவரும் வரலாறு என்று கருதவில்லை. நம் வீட்டுத் திருமண அழைப்பிதழும், கோயில் கும்பாபிஷேக அறிக்கையும் நாளை இச்சமூகத்தின் வரலாறாகும்.

இரண்டாவது, படி எடுத்தல். முன்னோர் ஓலையில் ஒரு நூலைப் பெயர்த்தெழுதப் பல மாதங்கள் உழைத்தனர். இன்று ஒரு கைபேசியின் துணையால் ஒரே பிற்பகலில் ஒரு சுவடியை முழுமையாகப் படம் பிடித்துவிடலாம். அப்படியை மூன்று உறவினர் வீடுகளிலேனும் வைத்திருங்கள். ஒரே கட்டில் இருந்த வளையாபதியை மறவாதீர்கள்.

மூன்றாவது, உரிய இடத்தில் சேர்த்தல். வீட்டில் பேண இயலாதெனின், மேல்சித்தாமூர் ஜினகாஞ்சி மடம், சென்னையில் உள்ள டாக்டர் உ.வே.சா. நூலகம், அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்றவற்றை அணுகிக் கலந்து பேசலாம். கொடுப்பதற்குமுன் குடும்பத்தார் அனைவரும் இசைதல் நன்று. அண்ணன் அறியாமல் தம்பி கொடுத்தான் என்னும் மனக்கசப்பு எழலாகாது. வீட்டிலேயே வைத்துக்கொள்ள விரும்பினால் அதிலும் தவறில்லை. ஆனால் நாடி வருவோர்க்குக் காட்டுவோம் என்னும் உறுதி அதனுடன் இருக்கட்டும். எங்கள் குடும்பச் சொத்து, எவர்க்கும் காட்டமாட்டோம் என்னும் சொல் எழும்போது, அங்கே மூர்ச்சை தலைகாட்டுகின்றது என அறிக.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு இப்போது விடை கூறலாம். சேர்த்தவர் பரிக்கிரகியா, தானியா என்பதைச் சேர்த்த பொருளின் அளவு முடிவு செய்வதில்லை. யாருக்காகச் சேர்த்தார் என்பதே முடிவு செய்கின்றது. கோட்டையூரில் பிறந்த இருவருள் ஒருவர் தம்மிடம் இருந்ததைப் பிறர்க்கு ஆக்கினார். மற்றவர் பிறரிடம் இல்லாமற் போகவிருந்ததைப் பிறர்க்கென வைத்தார். முன்னது ஈந்து செய்த தானம். பின்னது காத்துச் செய்த தானம். திருமலைக் குகையில் கல்லிருப்பிடம் அளித்த காவிதியும், சந்திர குகையில் கவன்ற தரசேனரும், புறத்திரட்டைத் தொகுத்தவரும் இவ்வரிசையில் நிற்பவர்களே. அவ்வரிசையின் இன்றைய முனையில் நிற்போர் நாம். நம் பரணில் உள்ள பெட்டியின் திறவுகோல் நம் கையில்தான் இருக்கின்றது.

ஸ்ருத ஞானம் வாழ்க! ஜின தர்மம் வளர்க!